ஏழு ஸ்டாப், ஒரு தூத்துக்குடி!

எல்லாத்துக்கும் காரணம் எங்க பெரியம்மாதான். அவங்க பையன், அதாவது எங்க அண்ணன், அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டியில வேலை பார்க்கிறார். போன வருஷம் அங்கே போய் ஆறு மாசம் இருந்துட்டு வேங்கிக்காலுக்குத் திரும்பி வந்தாங்க பெரியம்மா. சாக்லேட் ரெண்டே நாள்ல தீர்ந்துபோச்சு. கதை மட்டும் இன்னும் தீரல!

"காலைல வண்டிய எடுத்தான். பொழுது சாயற வரைக்கும் ஒரே ரோடு. ரெண்டு பக்கமும் கோதுமைதான். நம்ம பக்கம் மல்லாட்டைக் கொல்லை இருக்குமே, அந்த மாதிரி... ஆனா முடியவே மாட்டேங்குது!"

கான்சாஸ் சிட்டியில இருந்து டென்வர் வரைக்கும் ஏறக்குறைய 600 மைல். நம்ம கணக்குல 970 கிலோமீட்டர். 'இன்டர்ஸ்டேட் 70'ங்கிற அந்த ஒரே ரோட்டைப் பிடிச்சா போதுமாம். அண்ணனுக்கு வரலாறுன்னா உயிர். வழியில அபிலீன்னு ஒரு சின்ன ஊர்ல வண்டியை நிறுத்தி, அம்மாவுக்குப் பாடம் நடத்தியிருக்கார். ஐசனோவர் வளர்ந்த ஊர் அது. 1919-ல அவர் சின்ன ராணுவ அதிகாரியா இருந்தப்போ, வாஷிங்டன்ல இருந்து சான்ஃபிரான்சிஸ்கோவுக்கு லாரிகளோட ஒரு பட்டாளமே ரோடு வழியா கிளம்புச்சு. சேறும் சகதியும் உடைஞ்ச பாலமுமா போய்ச் சேர 62 நாள் ஆச்சு! அந்த மனுஷன் ஜனாதிபதியானதும் 1956-ல சட்டம் போட்டு, 41,000 மைலுக்கு நெடுஞ்சாலை போட வச்சார்.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் பாதிதான் ஞாபகம். அவங்க மறக்காத விஷயம் வேற. "அங்கங்க வழியில ரெஸ்ட் ஏரியான்னு கட்டி வச்சிருக்கான் பாரு... பாத்ரூம் அவ்ளோ சுத்தம். காசும் கேக்கல. எனக்கே அங்கயே படுத்துக்கலாம் போல இருந்துச்சு!"

நாங்க எல்லாம் சிரிச்சோம். அம்மா சிரிக்கல. கிரைண்டர்ல மாவை வழிச்சுக்கிட்டே அப்பாவைப் பார்த்து, "ஏங்க, நம்ம வாசல் ரோடு எங்க போய் முடியுது?"ன்னு கேட்டாங்க.

வேங்கிக்கால் தெரியாதவங்களுக்கு: திருவண்ணாமலையில இருந்து வேலூர் போற ரோட்டுல, கலெக்டர் ஆபீஸ் இருக்கே, அதுதான் எங்க ஏரியா. ஒரு பெரிய ஏரி, எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. அம்மா கல்யாணம் ஆகி வந்து 24 வருஷம் ஆச்சு. அவ்வளவு நாளா அந்த ரோட்டுல போற பஸ்ஸைப் பார்த்துக்கிட்டே இட்லி மாவு அரைச்சு வித்துக்கிட்டு இருக்காங்க. கல்யாணம், சாவு, கோயில்... இந்த மூணைத் தவிர அம்மா எதுக்கும் பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. இந்த வருஷம் எங்க போகலாம்னு கேட்டா, 'உங்களுக்கு எங்க பிடிக்குதோ அங்க'ன்னு சொல்ற ஆளு. (உங்க வீட்டு அம்மாவும் அப்படித்தானே?) அவங்களா வாயைத் திறந்து கேட்ட முதல் ஊர் இது. அதுக்கு அப்போ பேர் கூடக் கிடையாது!

அப்பா ரிட்டயர்டு கண்டக்டர். திருவண்ணாமலை டு திருச்சி ரூட்லயே 22 வருஷம். அவருக்கு ஊர்ன்னா பஸ் ஸ்டாண்டு. பெரம்பலூர்னா டீ, உளுந்தூர்பேட்டைன்னா கூட்டம், அவ்வளவுதான். "இது திருச்சி, மதுரை தாண்டி தூத்துக்குடி வரைக்கும் போகுது. கடல்ல போய்தான் நிக்கும்"னார். தம்பி உடனே மொபைலை எடுத்து வெரிஃபை பண்ணான். கரெக்ட்! வேலூர்ல ஆரம்பிச்சு தூத்துக்குடியில முடியற தேசிய நெடுஞ்சாலை 38. முன்னாடி விழுப்புரம் வரைக்கும் 234, அங்கிருந்து திருச்சிக்கு 45, திருச்சிக்குத் தெற்கே 45 பி-ன்னு துண்டு துண்டா மூணு நம்பர் இருந்திருக்கு. 2010-ல நாடு பூரா நம்பர் மாத்தினப்போ ஒரே ரோடாயிடுச்சு. அப்பா இன்னமும் 'ஃபார்ட்டிஃபைவ் பி'ன்னுதான் சொல்வார். எங்க வாசல்ல இருந்து கணக்குப் போட்டா 500 கிலோமீட்டரை ஒட்டி வருது.

அம்மா கல்லுப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாங்க. அதுலயும் தூத்துக்குடின்னுதான் போட்டிருந்துச்சு. "இத்தினி வருஷமா இந்த ஊர் உப்பதான் மாவுல போட்டுக்கினு இருக்கேனா?"

முடிவாயிடுச்சு. தூத்துக்குடி!

பிளான் போடுறதுன்னா சும்மா இல்லை பாஸ். முதல் பிரச்னை தேதி. திருவண்ணாமலைக்காரங்க காலண்டர்ல முதல்ல பார்க்கிறது ஞாயித்துக்கிழமையை இல்லை, பௌர்ணமியை! 14 கிலோமீட்டர் கிரிவலம் சுத்த ஜனம் குவிஞ்சுதுன்னா, ஊருக்குள்ள பஸ் வராது. எங்க தெருவுல இருந்து சைக்கிள் கூட வெளியே வராது. அதனால பௌர்ணமிக்கு முன்னாடி ரெண்டு நாள், பின்னாடி ரெண்டு நாள் கட். அக்னி நட்சத்திரம் கட். தம்பிக்கு ஸ்கூல் திறக்கிறது கட். மிச்சம் இருந்த நாட்கள்ல அம்மா காலண்டரை ஒரு தடவை பார்த்தாங்க, என்னை ஒரு தடவை பார்த்தாங்க. நான் லேசா தலையாட்டினேன். அதுல ரெண்டு நாள் தள்ளிப்போச்சு. அப்பாவும் தம்பியும் இதைக் கவனிக்கவே இல்லை!

அடுத்தது, யாருக்கு என்ன வேணும்? ஆயாவுக்கு சமயபுரம் மாரியம்மன். அப்பாவுக்கும் அதுதான். "22 வருஷமா 'சமயபுரம் எல்லாம் இறங்கு'ன்னு கத்தியிருக்கேன். ஒரு தடவை கூட நான் இறங்கல"ன்னு சொன்னப்போ பாவமா இருந்துச்சு. தம்பிக்கு சாத்தனூர். "அடப்பாவி, அது இங்கதானடா இருக்கு, டேமு!"ன்னு ஆயா அதட்ட, அவன் வேற சாத்தனூரைக் காட்டினான். பெரம்பலூர் மாவட்டத்துல பாடாலூர் பக்கத்துல இருக்கிற சாத்தனூர். அங்கே 12 கோடி வருஷத்துக்கு முந்தின மரம் ஒண்ணு கல்லாப் படுத்திருக்கு, 18 மீட்டர் நீளத்துக்கு. ஒரு காலத்துல அங்கெல்லாம் கடல் இருந்ததுக்கு அதுதான் சாட்சி. 1940-ல எம்.எஸ்.கிருஷ்ணன்ங்கிற நிலவியல் அறிஞர் கண்டுபிடிச்சது. 'மத்தியான வெயில்ல கல்லைப் பார்க்க யார்டா வருவா'ன்னு அப்பா தள்ளுபடி பண்ணிட்டார். தம்பி இன்னும் அப்பீல்ல இருக்கான்.

எனக்கு எட்டயபுரம். பாரதி 1882-ல பிறந்த வீடு அங்கே இருக்கு. ரோட்டை விட்டு ரொம்ப விலகவும் வேண்டாம்.

அம்மாவுக்கு? "எனக்கு ரோடு முடியற எடம் போதும்."

இப்போ பட்ஜெட். ஏழு பேர் உக்கார்ற மாதிரி ஒரு வண்டி, கிலோமீட்டருக்கு 14 ரூபாய். போக வர, ஊருக்குள்ள சுத்த, எல்லாம் சேர்த்து 1,100 கிலோமீட்டர்னு வச்சாலும் 15,400. டிரைவர் பேட்டா, டோல், ரெண்டு ராத்திரிக்கு ரூம், சாப்பாடு... 30 ஆயிரத்தைத் தாண்டுது. தெரு முனையில ஒருத்தர் தன்னோட சொந்த காரைப் பாதி ரேட்டுக்குத் தர்றேன்னார். அப்பா ஒரே வார்த்தையில முடிச்சுட்டார். "வெள்ளை போர்டு வண்டிய வாடகைக்கு ஓட்டக் கூடாது. வழியில ஒண்ணு ஆச்சுன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிச்சிடுவான். மஞ்ச போர்டுதான்." ராத்திரி பூரா ஓட்டி விடிகாலையில போய்ச் சேரலாம்னு தம்பி சொன்னதுக்கும் அதே கதிதான். விடிகாலை மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் எந்த டிரைவர் கண்ணும் சொருகுமாம். பக்கத்து சீட்ல உக்காந்து பேச்சுக் கொடுத்தே 22 வருஷம் ஓட்டினவர் சொன்னா, கேட்டுக்கத்தானே வேணும்!

மஞ்ச போர்டு ரேட்டைக் கேட்டதும் அவரே அடுத்த குண்டைப் போட்டார். "எதுக்கு இவ்ளோ செலவு? பஸ்லயே போயிட்டு வந்துடலாம். அஞ்சாயிரத்துல முடிஞ்சிடும்."

அம்மா வழக்கம் போல, "ஆகட்டும்"னாங்க.

எனக்குத்தான் ஆகல. அம்மா யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு சொன்னதை அன்னிக்கு அப்பாகிட்ட போட்டு உடைச்சேன். ரெண்டு வருஷம் முன்னாடி தருமபுரியில ஒரு கல்யாணம். பஸ்ல போயிட்டு வந்தோம். வந்த மூணாம் நாள் அம்மாவுக்குக் குளிர் ஜுரம், அடிவயித்து வலி, ஆஸ்பத்திரியில டிரிப்ஸ். சிறுநீர்த் தொற்று. 'தண்ணியே குடிக்கிறதில்லையா நீங்க?'ன்னு டாக்டரம்மா திட்டினாங்க. கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி எட்டு மணியில இருந்தே அம்மா ஒரு வாய் தண்ணி குடிக்கல. அன்னிக்கு மட்டும் இல்லை, பஸ் ஏறுற எல்லா நாளும் அப்படித்தானாம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து! அப்பாகிட்ட 'வைரல் ஃபீவர்'னு சொல்லிட்டோம்.

அப்பா ரொம்ப நேரம் பேசல. அப்புறம் சொன்னார்: "வழியில நிறுத்துவோம். ஆம்பளைங்க எல்லாம் இறங்கி ஓரமா போவாங்க. பொம்பளைங்க உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பாங்க. நிறுத்துங்கன்னு ஒருத்தரும் கேட்டதில்ல. தேவையில்லை போலன்னு நெனச்சுட்டேன்."

அதுக்கப்புறம் பஸ் பேச்சே எழல. பிளானும் தலைகீழா மாறிடுச்சு. அதுவரைக்கும் எந்த ஊர் பார்க்கலாம்னு பிளான் போட்டோம். இப்போ எங்கெங்க நிறுத்தலாம்னு பிளான். தம்பி மேப்பைக் காட்டி, "எட்டு மணி நேரம் சொச்சம்தான், காலைல அஞ்சுக்குக் கிளம்பினா மத்தியானம் கடல்"னான். ஆயா பொக்கை வாயைத் திறந்து, "அந்த கூகுளுக்கு ஒண்ணுக்கு வராதுல்ல!"ன்னாங்க. நாற்பது வருஷ மூட்டு வலி. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல அவங்களால காலை மடக்கி உக்கார முடியாது. வெஸ்டர்ன் டாய்லெட் இல்லைன்னா எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணும்.

நெட்ல தேடினேன். எந்த ஹைவே ஓட்டலா இருந்தாலும் தோசைக்கு முப்பது போட்டோ இருக்கு. பாத்ரூமுக்கு ஒண்ணு கூட இல்லை! அப்போதான் எங்க கிளாஸ் குரூப்ல மெசேஜ் போட்டேன். 'விழுப்புரம்ல இருந்து தூத்துக்குடி வரைக்கும் நல்ல லேடீஸ் டாய்லெட் எங்கெங்க இருக்கு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.' முதல் பதில் ஒரு பையன்கிட்ட இருந்து. 'ரோட்டோரமா நிறுத்திக்க வேண்டியதுதானே?' தெய்வமே!

ஆனா பொண்ணுங்க வந்தாங்க பாருங்க... லீவுக்கு லீவு ஹாஸ்டல்ல இருந்து ஊருக்குப் போற பொண்ணுங்களுக்கு இந்த விஷயத்துல பி.எச்டியே தரலாம். 'உளுந்தூர்பேட்டை தாண்டினதும் இடது பக்கம் ஒரு பங்க், தாழ்ப்பாள் இருக்கு, தண்ணி சாயந்திரம் வராது.' 'பெரம்பலூர்கிட்ட ஒரு ஓட்டல், டீ வாங்கினாதான் சாவி தருவான், ஆனா சுத்தம்.' 'விராலிமலை பக்கம் ஒண்ணு, ஹேண்ட்பேக் மாட்ட ஆணி கூட இருக்குடி!' ஆணிக்கு மட்டும் பதினோரு ஹார்ட். குரூப்ல அதுவரைக்கும் வாயே திறக்காத ஒருத்தி, அருப்புக்கோட்டைக்காரி, தங்கச்சியை அனுப்பி உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட்டே கொடுத்தா. வெஸ்டர்ன் ஒண்ணு, இந்தியன் ரெண்டு, லைட் எரியுது.

ஒரு விஷயம் உங்களுக்கும் உதவும், சொல்லிடறேன். பெட்ரோல் பங்க்னா டாய்லெட், குடிதண்ணி, டயருக்குக் காத்து மூணும் கட்டாயம் இருக்கணும்னு ஆயில் கம்பெனிகளோட விதியிலயே இருக்கு. பெட்ரோல் போட்டாதான் விடுவேன்னு சொல்ல முடியாது. 'பூட்டியிருக்கு, சாவி இல்லை'ன்னு சொன்னா, கம்ப்ளெயின்ட் புக் எங்கேன்னு கேளுங்க. பல இடத்துல சாவி பறந்து வருமாம். உபயம்: எங்க ஹாஸ்டல் அக்காங்க.

இந்த ரிப்போர்ட்டை எல்லாம் வாசிச்சுக் காட்டினப்போ ஆயா சொன்னாங்க, "அந்தக் காலத்துல நடந்து போறவங்களுக்கே சத்திரம் இருந்துச்சு." நிஜம்தான். 1689-ல மதுரையில ஆட்சிப் பொறுப்புக்கு வந்த ராணி மங்கம்மாள் ரோடு போட்டதுக்கும் சத்திரம் கட்டினதுக்கும்தான் இன்னிக்கும் பேர் வாங்குறாங்க. தெற்கே சில இடத்துல பழைய ரோட்டை இப்பவும் மங்கம்மாள் சாலைன்னுதான் சொல்றாங்க. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்லயே மங்கம்மாள் சத்திரம் நிக்குது. ரோடு போட்டா மட்டும் போதாது, போறவங்க இறங்கி உக்கார எடம் வேணும்னு ஒரு பொம்பளைக்குத் தோணியிருக்கு பாருங்க. ஐசனோவருக்கு 250 வருஷம் சீனியர் எங்க ராணி!

கடைசியில பிளான் இதுதான். காலை அஞ்சு மணிக்கு வேங்கிக்கால். வேட்டவலம், கண்டாச்சிபுரம் வழியா விழுப்புரம், அங்கே முதல் ஸ்டாப். உளுந்தூர்பேட்டை ரெண்டு. பெரம்பலூர் மூணு, அங்கே டிபன், வீட்டு இட்லிதான்! சமயபுரம் நாலு, அப்பா இந்தத் தடவை இறங்குறார். விராலிமலை அஞ்சு, ஆணிக்காகவே. மேலூர் ஆறு. ராத்திரி மதுரையில தங்கல். மறுநாள் அருப்புக்கோட்டை ஏழு, எட்டயபுரத்துல பாரதி வீடு, மத்தியானம் தூத்துக்குடி. பனிமய மாதா கோயில், உப்பளம், மக்ரூன், பரோட்டா... வரிசை தம்பி போட்டது. மூணாம் நாள் காலைல கடல்ல சூரியன் உதிக்கிறதைப் பார்த்துட்டு, அம்மா 'போதும்'னு சொன்னதும் கிளம்புறோம். அதுக்கு மட்டும் டைம் போடல.

பேப்பர்ல எழுதின பிளானை அப்பா வாங்கி, ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் எதிர்ல தன் கையால '20 நிமிஷம்'னு எழுதினார். பழைய டிரிப் ஷீட் மாதிரியே! அப்புறம் என்ன நெனச்சாரோ, இருபதை அடிச்சுட்டு, எல்லாத்துலயும் முப்பதுன்னு மாத்தினார்.

காசு? அம்மாவோட சீட்டுப் பணம். என் செமஸ்டர் ஃபீஸ் போக மிச்சம் இருந்தது சரியா இதுக்கு ஆச்சு. 'அதுல ஒரு கிராம் தங்கமாவது வாங்கியிருக்கலாமே'ன்னு பெரியம்மா இழுத்தாங்க. கான்சாஸ் போயிட்டு வந்தவங்க பேசுற பேச்சா இது?

மூணு நாள் கிரைண்டர் ஓடாது. அதுதான் அம்மாவுக்குப் பெரிய கவலை. இருபது வருஷத்துல கிரைண்டர் நின்னது ஆஸ்பத்திரியில படுத்தப்போ, தாத்தா செத்தப்போ, அப்புறம் கரன்ட் இல்லாதப்போ. வாடிக்கையா வாங்குறவங்க வேற கடைக்குப் போயிட்டா திரும்ப வருவாங்களா? நாங்க கிளம்ப இன்னும் நாலு நாள் இருக்கு. நேத்து சாயந்திரம் கேட்ல மாட்ட ஒரு அட்டையும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்துக்கிட்டு அம்மா பக்கத்துல உக்காந்தேன்.

"மூணு நாளைக்கு மாவு கிடையாதுன்னு எழுது."

எழுதினேன்.

"காரணம் எழுதலன்னா, யாருக்கு என்ன ஆச்சோன்னு தெருவே வந்து நிக்கும்டி."

"என்னன்னு போடட்டும்? சொந்த வேலையா வெளியூர்னு போடவா?"

அம்மா யோசிச்சாங்க. சொம்புல இருந்து ஒரு மடக்கு தண்ணி குடிச்சாங்க.

"தூத்துக்குடி போறோம்னு எழுது. தூத்துக்குடியைக் கொஞ்சம் பெருசா எழுது."